புதிய கைப்பேசி வாங்குவதற்கு முன்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் என் அறை வாசலில் தயங்கி நின்றார். "ஏனுங்க டீச்சர், ராத்திரி பூரா சார்ஜ் போட்டாலும் இந்தப் போனு ஏற மாட்டீங்குதுங்க. பையன் புதுசு வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறானுங்க" என்று சொல்லிக் கைப்பேசியை என் மேசைமீது வைத்தார். உள்ளே போர்டு போய்விட்டது, சரிசெய்வதைவிடப் புதிதாக வாங்கிக்கொள்வதே மேல் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அவர் பல்லடம் பக்கம் தறிகுடோனில் வேலை செய்பவர் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கைப்பேசியை அணைத்துவிட்டு, சார்ஜர் செருகும் துளையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளைக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் ஓர் அடைப்புதான் தெரிந்தது. பல் குத்தும் மரக்குச்சியால் ஓரத்தில் மெல்ல நெம்பியபோது, தறிக்குப் பக்கத்தில் இருந்த நாளெல்லாம் உள்ளே போய், சார்ஜர் முனை ஒவ்வொரு முறையும் குத்திக் குத்தி இறுக்கியிருந்த பஞ்சு, கம்பளித் துண்டு போலக் கெட்டியாக வெளியே வந்தது. அதன்பின் சார்ஜர் முனை முழுதாக உள்ளே போய் உட்கார்ந்தது. திரையில் மின்னல் குறி வந்தது. அந்த அம்மா ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை.

அன்று இரவு முழுவதும் இதே நினைவாக இருந்ததால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துப் புதிய பொருள் வாங்குவதற்கு முன்னால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கைப்பேசியிலும் கணினியிலும் நாம் இதுவரை தொடாத பயன் எவ்வளவு கிடக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். திருப்பூர், பல்லடம், சோமனூர் வட்டாரங்களில் பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகும் குடும்பங்களில் பஞ்சு அடைப்பு மிகச் சாதாரணமான கோளாறு. சுத்தம் செய்யும்போது ஊக்கு, ஊசி, கொண்டை ஊசி போன்ற உலோகப் பொருள் எதையும் உள்ளே விடாதீர்கள்; உள்ளிருக்கும் மெல்லிய தகடு வளைந்துவிட்டால் அப்போது உண்மையாகவே செலவு வைக்கும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் படும். காய்ந்த மரக்குச்சியும் பழைய பல்துலக்கியும் போதும்.

பேட்டரியைப் பற்றிப் பெரியவர்கள் பலர் இன்னும் நம்பும் ஒரு செய்தி உண்டு: முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது. அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொல்லப்பட்டது. இன்றைய கைப்பேசிகளில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. அது அடிக்கடி முற்றிலும் தீர்வதையும் விரும்பாது, நாள் முழுதும் நூறு விழுக்காட்டிலேயே நிற்பதையும் விரும்பாது. 20 முதல் 80 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கும். எல்லாவற்றையும்விட அதற்குப் பெரிய எதிரி வெப்பம்தான். 35 டிகிரிக்கு மேல் நாள்தோறும் சூடேறினால் அதன் கொள்ளளவு மீளாமல் குறைந்துகொண்டே போகும். சித்திரை மாதத்தில் தகரக் கூரை போட்ட குடோனில் வைப்பதும், வண்டி டேங்க் கவரில் வெயிலில் விட்டுச் செல்வதும், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். தலையணை விஷயத்தில் ஆபத்தும் உண்டு என்பதால் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கைப்பேசி மெதுவாகிவிட்டது என்று நீங்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து நிரம்பும் காலை வணக்கப் படங்களும் காணொளிகளும்தான். அதன் அமைப்புகளில் சேமிப்பிடத்தைக் காட்டும் பகுதிக்குச் சென்றால், 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளையும், பலமுறை பகிரப்பட்டவற்றையும் அதுவே தனியாகப் பிரித்துக் காட்டும். அங்கேயே நீக்கிவிடலாம். படங்கள் தானாக இறங்குவதையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இனி எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் தமிழ்ச் செய்தியை ஆங்கில எழுத்தில் அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் தமிழில் அடிப்பது உண்மையில் அதைவிடச் சுலபம். 1999 ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையில் 247 எழுத்துகளையும் 31 விசைகளில் அடித்துவிடலாம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருப்பதால் இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்யும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல்கள் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளியை அந்த முறையே வைத்துவிடும். 'தங்கம்' என்பதில் ங-வை அடுத்துக் க வந்தாலும் அப்படியே. இலக்கணத்தை அறிந்தவர்கள் வகுத்த முறை என்பது அடிக்க அடிக்கப் புரியும். 2019 ஆம் ஆண்டுப் புதுப்பிப்பிலிருந்து விண்டோஸ் 10 கணினியிலேயே இது இருக்கிறது. மொழி அமைப்புக்குள் சென்று தமிழைச் சேர்த்து, அதில் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்தால் கிடைத்துவிடும், எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் நாளுக்குக் கால் மணி நேரம் பழகிய பிள்ளைக்கு விரல் தானாக ஓடும் என்பதை எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அடிக்கத் தயங்கும் பெற்றோர்களுக்குக் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது. 2017 முதல் கூகுள் விசைப்பலகையில் தமிழிலும் பேசி எழுதலாம். ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகிவிடும். "வர்றனுங்க", "போகோணுங்க" என்ற நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது சற்றுத் தடுமாறும். வானொலியில் செய்தி வாசிப்பது போல நிறுத்தி, திருத்தமாகச் சொன்னால் நன்றாக எழுதும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை, மஞ்சள் வெட்டு நடக்கும் காட்டில் நின்றபடியே மகளின் விடுப்பு விண்ணப்பத்தைப் பேசி எழுதி அனுப்பியிருந்தார். ஒரே ஓர் ஒற்றுப்பிழைதான் இருந்தது. உழவர் குடும்பங்கள் தமிழக அரசின் உழவன் செயலியையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். சந்தை விலையையும் மானியத் திட்டங்களையும் தமிழிலேயே பார்க்கலாம்.

பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் அருகில் அச்சாகியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம், அதாவது கியூஆர் கோடு, அலங்காரத்துக்காக வைத்ததன்று. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் இருக்கும் இதைத் தீக்ஷா செயலியால் படித்தால் அந்தப் பாடத்துக்குரிய காணொளியும் பயிற்சியும் திறக்கும். நெட் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கம் செய்துகொண்டால் பின்னர் நெட் இல்லாமலும் பார்க்கலாம். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோகும் வீடுகளுக்கு இது பெரிய உதவி. பாடத்தைத் தாண்டிப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும், தமிழ் இலக்கியங்களை மின்நூலாக்க 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களையும் காட்டுங்கள், இரண்டும் இலவசம்.

அடுத்து, பீரோவின் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கும் அந்த மடிக்கணினி. 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி, மூத்த பிள்ளை படித்து முடித்ததும், பல வீடுகளில் அப்படித்தான் கிடக்கிறது. பழையது, ஓடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்தில் சுழலும் பாகமே இல்லாத சேமிப்புக் கருவியான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால், திறப்பதற்கே சில நிமிடங்கள் எடுத்துக்கொண்ட கணினி அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடும். ரேம் எனும் தற்காலிக நினைவகத்தைக் கூட்ட இடமிருந்தால் அதையும் சேர்க்கலாம். காற்றுப் போகும் துளைகளையும் விசிறியையும் சுத்தம் செய்வது முக்கியம். தறிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களின் கணினியில் விசிறி முழுக்கப் பஞ்சாகத்தான் இருக்கும், அதனால்தான் சூடாகி அணைந்துபோகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் இருக்கிறது. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தொடங்கிப் பல வகைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுதவும் கணக்குப் போடவும் லிபரே ஆபிஸ், வடிவியலும் வரைபடமும் பழக ஜியோஜீப்ரா ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால், மேல்நிலை வகுப்புப் பிள்ளைக்குத் தேவையானது பெரும்பாலும் வந்துவிடும்.

கணினியில் சில விசைச் சேர்க்கைகள் மட்டும் கைக்கு வந்துவிட்டால் பாதி நேரம் மிச்சம். தவறுதலாக அழிந்ததை மீட்கக் கன்ட்ரோலும் இசட்டும். நீண்ட பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடக் கன்ட்ரோலும் எஃபும். மூடிவிட்ட இணையப் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவரக் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மூன்றும். மற்றவற்றைப் பிள்ளைகளே சொல்லித் தருவார்கள், கேளுங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், பள்ளி ஆண்டு விழாப் படங்களையும் அறிவியல் கண்காட்சிப் படங்களையும் நான் ஒரே ஒரு வன்தட்டில் வைத்திருந்தேன். மேசையிலிருந்து அது கீழே விழுந்தது, அவ்வளவுதான். மேடையில் முதல் பரிசு வாங்கிய பிள்ளைகளின் படங்களைக் கேட்டு வந்த பெற்றோர்களுக்கு இல்லை என்று சொன்ன நாள்கள் எனக்கு மறக்காது. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து எதையும் மூன்று படிகளாக, இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறோர் இடத்தில் இருக்குமாறு வைக்கிறேன். உங்கள் கூகுள் கணக்கில் 15 ஜிபி இடம் இலவசமாக உண்டு. மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் கோப்புகளுக்கும் அது பொது. பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களை மத்திய அரசின் மின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அதில் வழங்கப்படும் ஆவணம் சட்டப்படி அசலுக்கு இணையானது. கல்லூரி விண்ணப்பக் காலத்தில் அலைச்சல் குறையும்.

பணம் தொடர்பான ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "உங்கள் மகளுக்குக் கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது அழைத்தால், பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பள்ளியிலிருந்து நாங்கள் ஒருபோதும் ஓடிபி கேட்க மாட்டோம். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அதிகம். இன்றே *#06# என்று அடித்து, திரையில் தோன்றும் 15 இலக்க எண்ணை, அதாவது கைப்பேசியின் அடையாள எண்ணை (ஐஎம்இஐ), ரேஷன் அட்டையோடு குறித்து வையுங்கள். கைப்பேசி தொலைந்தால், காவல் நிலையத்தில் கொடுத்த புகாருடன் அந்த எண்ணையும் கொண்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் வழியே அதை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி முடக்கலாம்.

வீட்டில் அப்பாருவோ அமுச்சியோ, அதாவது தாத்தாவோ பாட்டியோ, இருந்தால், அவர்கள் கைப்பேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, அதன் நிறத்தையும் அழுத்தமாக மாற்றிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. பேரனைக் கூப்பிடாமல் தாமே பேச முடிவதில் அவர்களுக்கு இருக்கும் மகிழ்ச்சி தனி.

வரும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை நம் கணினி ஆய்வகம் பெற்றோர்களுக்காகத் திறந்திருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்க வேண்டியவர்கள் மாலை 4 மணிக்கு மேல் வரலாம். 6 மணி வரை நானும் இருப்பேன். கைப்பேசியையோ மடிக்கணினியையோ கொண்டு வாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், பல நேரங்களில் கோளாறு அதில்தான் இருக்கிறது. எங்கள் கணினி ஆசிரியரும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் உடனிருந்து பார்ப்பார்கள். கட்டணம் எதுவும் இல்லை. வர இயலாதவர்கள் என்ன கோளாறு என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். ரகசிய எண்ணை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்