மௌனா கேயா போகும் முன்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகள் வீட்டுக்கு, ஹவாய்த் தீவிலுள்ள ஹிலோ ஊருக்குப் போகிறாய் என்றதும் சந்தோஷம். அங்குள்ள மௌனா கேயா மலை உச்சிக்குப் பேரனையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தாய். அவனை மேலே கொண்டுபோகாதே. 13 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் 2,800 மீட்டரில் உள்ள பார்வையாளர் நிலையத்தோடு நின்றுகொள்ளச் சொல்கிறார்கள். நீயும் உன் டாக்டரிடம் பிபியைச் சொல்லிக் கேட்டுக்கொள்.

பெயரில் மௌனம் எதுவும் இல்லையப்பா! ஹவாய் மொழியில் மௌனா மலை, கேயா வெள்ளை. வெப்பமண்டலத் தீவுதான், ஆனாலும் குளிர்காலத்தில் உச்சியில் பனி கொட்டும்; அதற்குரிய தெய்வம் பொலிஆஹு. வான்தந்தை வாகேயாவின் மலை என்ற பொருளில் 'மௌனா ஆ வாகேயா' என்றும் சொல்வார்கள். 2019-இல் உச்சியில் இன்னொரு வானியல் தொலைநோக்கி வேண்டாமென்று மக்கள் சாலையிலேயே உட்கார்ந்ததற்கு, மலையோடு உள்ள இந்த உறவு ஒரு முக்கியக் காரணம். 4,207 மீட்டர் உயரமுள்ள புவு வேகியு என்ற கூம்புதான் உண்மையான உச்சி. அது புனித இடம், ஏறாதே. பக்கத்துத் தொலைநோக்கி மேட்டிலிருந்தே எல்லாம் தெரியும்.

ஹிலோ கடல்மட்டம். இரண்டு மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரம் போனால் உடம்பு பழகாது; மேலே காற்றழுத்தம் கீழே இருப்பதில் 60 சதவீதம்தான். நிலையத்தில் அரை மணியாவது இரு, தண்ணீர் குடித்துக்கொண்டே இரு. தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் உட்கார்ந்து பார்க்காமல் உடனே இறங்கு. இறங்குவதுதான் முதல் வைத்தியம். ஸ்கூபா டைவிங் போயிருந்தால் 24 மணி நேரம் மலைப்பக்கமே போகாதே.

நிலையத்துக்கு மேலே சுமார் 8 கிலோமீட்டர் செங்குத்தான மண்சாலை. நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாவிட்டால் ரேஞ்சர் திருப்பி அனுப்பிவிடுவார். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து: பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். லோ கியரில் போட்டு இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும். வாடகை வண்டியென்றால் ஒப்பந்தத்தை முதலில் படி; பல வாடகை நிறுவனங்கள் இந்தச் சாலையில் ஓட்டக்கூடாதென்று எழுதியிருக்கும், வண்டி நின்றால் செலவு உன் தலையில். மலையில் பெட்ரோல் கிடையாது, ஹிலோவிலேயே நிரப்பிக்கொள்.

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடு. ஹெட்லைட் வெளிச்சம் தொலைநோக்கிகளுக்கு இடைஞ்சல். நட்சத்திரம் பார்க்க நிலையத்துப் பக்கமே நன்றாக இருக்கும், பேரனும் கூட இருப்பான். தடித்த ஸ்வெட்டர், குல்லா இரண்டையும் இங்கிருந்தே கொண்டுபோ. எந்த மாதம் போகிறாய் என்று எழுது.

அன்புடன்,
ராமு