விழுக்காட்டுக்குப் பின்னால் உள்ள கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னாட்டுச் சுற்றுலாவில் வளரும் நாடுகள் வளர்ந்த நாடுகளை முந்திக்கொண்டிருப்பதாகத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் முழுக் கட்டுரையும் வளர்ச்சி விழுக்காட்டை மட்டுமே நம்பி நிற்பது உறுத்துகிறது.

ஆண்டுக்கு 5 லட்சம் பேர் வரும் நாட்டில் 20 விழுக்காடு வளர்ச்சி என்றால், கூடுதலாக வந்தவர்கள் 1 லட்சம். 5 கோடிப் பேர் வரும் நாட்டில் வெறும் 2 விழுக்காடு கூடினாலே 10 லட்சம். யார் முந்தினார்கள்?

இந்த ஏமாற்றம் ஏற்கெனவே ஒருமுறை நடந்தது. ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு 2011-ல் ஒரு நீண்டகாலக் கணிப்பை வெளியிட்டது. 2030 வரை வளரும் நாடுகளுக்கு வருவோர் ஆண்டுக்கு 4.4 விழுக்காடும், வளர்ந்த நாடுகளுக்கு வருவோர் 2.2 விழுக்காடும் கூடுவார்கள். 2020-க்கு முன்பே முன்னவை பின்னவற்றைத் தாண்டிவிடும் என்றது. நடந்தது வேறு. 2014 முதல் 2016 வரை வளர்ந்த நாடுகளே வேகமாக வளர்ந்தன. எண்ணெய் விலை சரிந்து, ரூபிளின் மதிப்பு விழுந்ததும் ரஷ்யர்களின் வெளிநாட்டுப் பயணம் சுருங்கியது. 2015-ல் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு துனிசியாவின், எகிப்தின் கடற்கரைகள் வெறிச்சோடின. 2019-ல் உலகம் முழுவதும் பதிவான 146 கோடி வருகைகளில் பாதி ஐரோப்பாவுக்கே போனது.

தலைகளை எண்ணுவதிலும் குறை இருக்கிறது. 2024-ல் பிரான்சுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 10 கோடி. அமெரிக்காவுக்கு வந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் சுற்றுலாவில் அதிகம் ஈட்டியது அமெரிக்காதான். வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் ஓர் இரவு தங்கிப் போகிறவரும், மூன்று வாரம் தங்குகிறவரும் இந்தக் கணக்கில் ஒரே ஒரு வருகைதான்.

வருமானத்திலும் எவ்வளவு அந்த நாட்டில் தங்குகிறது? கடற்கரை விடுதிகளில், எல்லாச் செலவும் அடங்கிய திட்டத்தில் வரும் விருந்தினரின் மணிக்கட்டில் ஒரு வண்ணப் பட்டை கட்டுகிறார்கள். அது இருந்தால் உணவு, பானம், நீச்சல் குளம் எல்லாம் கிடைக்கும். ஊருக்குப் புறப்படும்வரை அவர் விடுதி வாசலுக்கு வெளியே பணப்பையைத் திறக்க வேண்டியதே இல்லை. விமானம் வெளிநாட்டு நிறுவனத்துடையது. விடுதி நிர்வாகக் கட்டணமும் முன்பதிவுத் தரகும் வெளியே போய்விடுகின்றன. படுக்கை விரிப்பை மாற்றும் பெண்ணின் சம்பளம் உள்ளூரில் நிற்கிறது. வாசலுக்கு எதிரே பழம் விற்பவருக்கு அதுவும் இல்லை. அவரும் அந்தக் கட்டுரையின் ‘வளர்ச்சி’யில்தான் சேர்ந்திருக்கிறார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே வருகை எண்ணிக்கை, சராசரியாகத் தங்கிய இரவுகள், ஈட்டிய தொகை ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். விழுக்காடு நான்காவதாக வரட்டும்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்