சூடான் மக்களுக்குச் சோளமும் கம்பும் அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர் திரும்பிய ஜெனரேட்டர் மெக்கானிக் ஒருவர்,
முசிறி வட்டம், திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வெளியுறவுச் செயலாளர் அவர்கள்,
வெளியுறவு அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: சூடானில் போரால் பட்டினி கிடக்கும் மக்களுக்குத் தானியமும் மருந்தும் அனுப்புதல், போரை நிறுத்த இந்தியா குரல் கொடுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பட்டா மாறுதலுக்கும் தெருக்குழாய்க்கும் மனு எழுதிப் பழகிய கை இது. வேறொரு நாட்டு மக்களுக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை. முறையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூடான் தலைநகர் கார்ட்டூமின் வடபகுதியான பஹ்ரியில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். 15.04.2023 சனிக்கிழமை காலையில் சண்டை ஆரம்பித்தது. ஒரு பக்கம் ராணுவத் தளபதி புர்ஹான். இன்னொரு பக்கம் ஹெமெத்தி என்று எல்லோரும் அழைக்கும் தகலோவின் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவம். 2021 அக்டோபரில் இரண்டு பேரும் கை கோத்துத்தான் ஆட்சியைப் பிடித்தார்கள். ஒன்றரை வருடத்தில் பங்காளிச் சண்டை. நோன்பு மாதத்தின் கடைசி நாட்கள் அவை. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. டீசல் தீர்ந்த ஜெனரேட்டரின் பக்கத்தில் பத்துப் பேர் தரையில் படுத்துக் கிடந்தோம். எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பூட்டி வைத்திருந்த மேனேஜர் முதல் நாளே ஊரைவிட்டுப் போய்விட்டார். பூட்டை உடைத்துத்தான் எடுத்தோம். அது வேறு கதை.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். ‘ஆபரேஷன் காவேரி’. முதல் நடையில் ஐ.என்.எஸ். சுமேதா 278 பேரை போர்ட் சூடானிலிருந்து ஜெத்தாவுக்குக் கொண்டுபோனது. மொத்தம் 3,862 பேரை மீட்டதாக அரசு அறிவித்தது. அந்தக் கணக்கில் நானும் ஒரு ஆள். காவிரிக்கரையில் பிறந்தவனை, காவிரியின் பெயரைச் சொல்லி, செங்கடல் வழியாக அழைத்து வந்தீர்கள். அதற்கு இதுவரை ஒரு நன்றிக் கடிதம்கூட நான் எழுதவில்லை. இந்த மனுவிலேயே அதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் கப்பலில் ஏறியவர்கள் நாங்கள் மட்டும்தான். எங்களைத் துறைமுகம் வரை கொண்டுவந்து விட்ட பஸ் டிரைவர் சூடான்காரர். எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவந்துவிட்டு, எங்களுக்குக் கையசைத்துவிட்டு, அதே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு டீக்கார அம்மா உட்கார்ந்திருப்பார். அங்கே இவர்களை ‘சித் அஷ்ஷாய்’ என்பார்கள். ஒரு கரி அடுப்பு, நாலைந்து கண்ணாடி டம்ளர், இஞ்சி, கிராம்பு, அவ்வளவுதான் கடை. இந்த வேலை செய்யும் பெண்களில் பலர் நாட்டின் மேற்கே இருக்கும் டார்ஃபூரிலிருந்து முந்தைய சண்டைகளில் ஓடிவந்தவர்கள். இந்த அம்மாவும் அப்படித்தான், எல் ஃபாஷர் ஊர். கடன் டீக்கு நோட்டு கிடையாது. ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் ஆளுக்கொரு துணி முடிச்சு, டீக்கு ஒரு பேரீச்சங்கொட்டை. சம்பள நாளில் முடிச்சை அவிழ்த்து எண்ணுவார். நான் ஓடிவந்த அன்று என் முடிச்சில் பதினேழு கொட்டைகள் இருந்தன. அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை. உயிரோடு இருந்தால் பெயர் வெளியே தெரிவது ஆபத்து.

சண்டை தொடங்கிய சில மாதத்தில் அவர் தங்கை வீட்டைத் தேடி எல் ஃபாஷருக்கே போய்விட்டார். கார்ட்டூமைவிட அது பத்திரம் என்று நினைத்திருக்கிறார். 2024 மே மாதத்திலிருந்து ஆர்.எஸ்.எஃப். அந்த ஊரை முற்றுகையிட்டது. முற்றுகையைக் கைவிடச் சொல்லி ஐ.நா. பாதுகாப்பு சபை அடுத்த மாதமே, 2736 என்ற எண்ணில், தீர்மானம் போட்டது. யாரும் கேட்கவில்லை. ஊரைச் சுற்றி மண்ணைக் குவித்துக் கரை எழுப்பினார்கள். நம் ஊரில் தண்ணீரைத் தேக்கக் கரை கட்டுவோம், அங்கே மனிதர்களை உள்ளே அடைக்கக் கட்டினார்கள். பக்கத்திலிருந்த ஸம்ஸம் அகதி முகாமில் பஞ்சம் என்று 2024 ஆகஸ்டிலேயே உறுதி செய்யப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்த முகாமையும் அடித்துப் பிடித்தார்கள்.

2025 ஆகஸ்டில் அந்த அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு வாட்ஸ்அப் படம் வந்தது. அங்கே டவர் கிடையாது. சாட்டிலைட் இன்டர்நெட் வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரு அலுமினியத் தட்டு, அதில் பழுப்பாக ஏதோ கட்டிகள். ‘அம்பாஸ்’ என்று குரல் பதிவில் சொன்னார். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “கடலைப் புண்ணாக்குதானே, எதுக்கு அனுப்பியிருக்காங்க?” என்றாள். அன்றைக்கு அவர்கள் சாப்பாடு அதுதான். கடலை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை. எங்கள் வீட்டில் எருமைக்கு ஊறவைக்கும் அதே புண்ணாக்கு. கொஞ்ச நாளில் அதுவும் கிடைக்கவில்லை என்று செய்திகளில் வந்தது.

26.10.2025 அன்று ஊர் விழுந்தது. 500 நாட்களுக்கு மேல் தாக்குப்பிடித்த ஊர். அங்கிருந்த சவூதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. தப்பியவர்கள் சுமார் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தவீலாவுக்கு நடந்தார்கள். டீக்கார அம்மாவிடமிருந்து அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. என் கடைசிச் செய்திக்கு இன்னும் ஒற்றை டிக் மட்டும்தான்.

ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சொல்வதாக நினைக்கவேண்டாம். ராணுவமும் சந்தைகள் மேல் குண்டு போட்டது, உணவு லாரிகளுக்கு அனுமதி தராமல் இழுத்தடித்தது. நடுவில் சிக்கியது ஜனங்கள். சுமார் ஐந்து கோடிப் பேர் உள்ள நாட்டில் 2 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் போதிய சாப்பாடு இல்லை. ஏறக்குறைய 1.2 கோடிப் பேர் வீடு விட்டு ஓடவேண்டியிருந்தது. காலரா ஒரு லட்சம் பேரைத் தாண்டிப் போயிற்று. உலகத்தின் மிகப்பெரிய இடப்பெயர்வு என்று ஐ.நா. சொல்கிறது. எங்கள் ஊர் டீக்கடையில் காஸாவையும் உக்ரைனையும் விரல்நுனியில் வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால், “அப்படியா? சூடானிலா?” என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லை.

இந்தியாவுக்கும் சூடானுக்கும் உள்ள பழக்கம் நேற்று வந்ததல்ல. அங்கே 1953-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலை மேற்பார்வையிட்டவர் நம் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமியின் முகப்புக் கட்டடத்துக்கு ‘சூடான் பிளாக்’ என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் சூடானைக் காக்க உயிர்விட்ட இந்தியச் சிப்பாய்களின் நினைவாக, அன்றைய சூடான் அரசு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது; பிரிவினைக்குப் பின் அதில் இந்தியாவின் பங்காக வந்த எழுபதாயிரம் பவுண்டும் சேர்ந்து எழுந்தது அது. நம் படை அதிகாரிகள் பயிற்சி பெறும் வளாகத்தில் அவர்கள் கொடுத்த பணம் நிற்கிறது, ஐயா. என் பதினேழு டீயைப் போல இதுவும் ஒரு பாக்கிதான் என்பது என் கருத்து.

ஆகவே கேட்கிறேன். முதலில் தானியம். நம் கிடங்குகளில் இடம் இல்லாமல், பல லட்சம் டன் அரிசியை எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கும் நிலையில் இருக்கிறோம். அதில் ஒரு பங்கு போதும். அரிசியைவிடச் சோளமும் கம்பும் இன்னும் நல்லது. அங்கே சோளமாவைப் புளிக்கவைத்து, தோசையைவிட மெல்லிசாகச் சுட்டுச் சாப்பிடுவதற்கு கிஸ்ரா என்று பெயர். அஸீதா என்பது நம் களிதான். டார்ஃபூரில் அதைக் கம்பு மாவில் கிண்டி, காயவைத்துப் பொடித்த வெண்டைக்காய்க் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார்கள். நான் முதலில் சாப்பிட்டபோது பாட்டி வீட்டு ஞாபகம் வந்தது. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்ததே இந்தியா கேட்டுக்கொண்டதால்தான். அந்த வருடம் டெல்லியில் நடந்த ஜி-20 மாநாட்டில் சிறுதானியப் பலகாரம் வைத்தோம். அதே கம்பை மூட்டையாக அனுப்ப முடியாதா? 2022-இல் ஆப்கானிஸ்தானுக்குக் கோதுமை அனுப்பியபோது உலக உணவுத் திட்டத்தின் வழியாக விநியோகித்தோம். அந்த வழி தெரிந்த வழி. போர்ட் சூடானும் இருக்கிறது, டார்ஃபூருக்கு சாட் நாட்டு எல்லையில் அத்ரே வாசலும் இருக்கிறது. கூடவே ஓ.ஆர்.எஸ்., காலரா மருந்து.

பெரிய அமைப்புகள் நுழைய முடியாத தெருக்களில், ‘அவசர உதவி அறைகள்’ என்ற பெயரில் உள்ளூர் இளைஞர்கள் பொதுச் சமையல்கூடம் நடத்துகிறார்கள். அங்கே அதைத் ‘தகாயா’ என்பார்கள். நம் அன்னதானக் கூடம் மாதிரி. 2025-இல் இவர்களுக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருதும் கிடைத்தது. அதே வருடம் அமெரிக்க நிதி நின்றதால் நூற்றுக்கணக்கான அடுப்புகள் அணைந்தன. இந்திய உதவியில் ஒரு பகுதி இந்த அடுப்புகளுக்குப் போய்ச் சேர ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆர்.எஸ்.எஃப்.-க்கு ஆயுதம் ஐக்கிய அரபு அமீரகம் வழியாகப் போகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என ஐ.நா. நிபுணர் குழுவே எழுதியிருக்கிறது. அமீரகம் மறுக்கிறது. எகிப்து ராணுவத்தின் பக்கம். இரண்டு நாடுகளும் இந்தியா இருக்கும் பிரிக்ஸ் நாடுகள் கூட்டமைப்பின் உறுப்பினர்கள், 2026-இல் அந்த மேசைக்குத் தலைமை இந்தியா. அமீரகம் நமக்கு நெருங்கிய நண்பர், லட்சக்கணக்கான நம் ஆட்கள் அங்கே சம்பாதிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சபையில் சண்டை போடச் சொல்லவில்லை. வேண்டியவரைத் தனியே அழைத்து, “போதும்ப்பா, நிறுத்து” என்று சொல்வது நம் வழக்கம்தானே. அதைச் சொல்லுங்கள்.

இங்கே படிக்கும் சூடான் மாணவர்களுக்கு வீட்டிலிருந்து பணம் வருவது நின்றிருக்கிறது. விசா முடிந்தவர்களுக்கு அபராதம் இல்லாமல் நீட்டித்துத் தர உள்துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

இந்த மனுவுக்கு ஒரு பதில் எண்ணாவது போட்டு அனுப்பினால், தவீலாவில் யாராவது என் செய்தியைப் பார்க்கும் நாளில் அதைக் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆபரேஷன் காவேரியில் ஊர் திரும்பியவன்.

இணைப்பு: கைபேசியில் வந்த புண்ணாக்குத் தட்டின் படம் – நகல் 1.