நாலு காலில் விழுந்தாலும் தாடை தப்பாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த பூனை எழுந்து நடந்த செய்தியைப் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். ‘பூனை நாலு காலில்தான் விழும், ஒன்றும் ஆகாது’ என்று அக்கம்பக்கத்தார் சொன்னதாகவும் அதில் இருந்தது. ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கால் ஊன்றி விழுவது உண்மைதான். ஆனால் விழுந்த வேகத்தில் கால்கள் மடங்க, மோவாய் தரையில் மோதும். பூனையின் கீழ்த்தாடை இரண்டு பாதி எலும்புகள். நடுவில் அவை ஒன்றாகிவிடுவதில்லை. ஆயுள் முழுக்க நாரும் குருத்தெலும்பும்தான் சேர்த்துப் பிடித்திருக்கும். முதலில் பிளப்பது பெரும்பாலும் அந்த இடம். மிச்ச வேகம் காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டுக்குப் போகும்.

அந்த மூட்டு கதவுக் கீல் மாதிரி. கீழ்த்தாடையின் முனை குறுக்கே படுத்த சிறு உருளை; மண்டையோட்டுப் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தும். பின்னால் ஒரு எலும்பு முளை அதை நகரவிடாமல் தடுக்கும். நாம் சோறு மெல்லுவதுபோல் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பூனையால் அரைக்க முடியாது. அதன் 30 பற்களும் பிடிக்கவும் வெட்டவுமே. பின்னால் முளை தடுப்பதால், நழுவும் மூட்டு பெரும்பாலும் முன்னோக்கி மேலே ஏறிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் நழுவினால் தாடை மறுபக்கம் கோணும், வாய் மூடாது, எச்சில் வழியும்.

வீட்டிலேயே பார்க்கலாம். உதட்டை மெல்லத் தூக்குங்கள். கீழ்க் கோரைப்பல் மேல் கோரைப்பல்லுக்குச் சற்று முன்னால் பொருந்தி நிற்க வேண்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லையென்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். வாயை இழுத்துத் திறக்காதீர்கள். பாலைப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சாப்பிடவில்லையே, நாளைக்குப் பார்க்கலாம் என்றும் விடாதீர்கள். சில நாள் பட்டினியே பூனையின் கல்லீரலைக் கெடுத்துவிடும்.

மயக்க மருந்து கொடுத்து, கடைவாய்ப் பற்களுக்கிடையே பென்சில் கனத்தில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, வாயின் முன்பக்கத்தை மூடிப் பின்னால் தள்ளினால் நழுவிய மூட்டு பள்ளத்தில் இறங்கும். எலும்பு முறியாமல், சீக்கிரம் வந்தால்தான் இது எளிது. குட்டிகளுக்கு அடிபட்ட மூட்டைக் கவனிக்காமல் விட்டால் எலும்போடு எலும்பு ஒட்டி வாயே திறக்காமல் போவதுண்டு; பிறகு அறுவை சிகிச்சைதான்.

நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் பால்கனியில் வலை கட்டக் கூடாதாம், கட்டடத்தின் அழகு கெடுகிறதாம். புறாவுக்குக் கட்டும் நைலான் வலையை இழுத்துக் கட்டினாலே பெரும்பாலான பூனைகள் விழாது. குடியிருப்போர் சங்கங்கள் இதை அனுமதிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

— ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், திருச்சி