செய்மதிப் படமும் கவ்வாத்து மலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் காடு எவ்வளவு குறைந்துள்ளது, எந்தச் சரிவில் மண் அரிக்கிறது, எந்த நீர்த்தேக்கத்தில் பாசி படர்கிறது என்பவற்றுக்கெல்லாம் இன்று செய்மதிப் படங்களே சான்றாகக் காட்டப்படுகின்றன. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் தேயிலை மலைகளில் நடந்தறியாதவர்கள் அப்படங்களை வாசித்து வரைபடம் தயாரிக்கும்போது நேரக்கூடிய பிழைகளை, இப்பகுதியில் புவியியல் கற்பிப்பவன் என்ற முறையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பசிய இலை சிவப்பொளியைப் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தெறிக்கச் செய்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து கணக்கிடப்படும் தாவரச் சுட்டெண்ணைக் கொண்டே பல நிலப்போர்வை வரைபடங்கள் உருவாகின்றன. ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டப்படும், அதாவது புதிதாகத் துளிர்ப்பதற்காகச் செடிகள் வெட்டிக் குறைக்கப்படும், தேயிலை மலையில் சில வாதுகளை (கிளைகளை)த் தவிர இலையென்று சொல்ல எதுவும் எஞ்சுவதில்லை; வெட்டுண்ட தண்டும், நிரைகளுக்கிடையே சிதறிய மிலாறும் (வெட்டிய சுள்ளிகளும்), வடிகானின் ஓரத்து மண்ணுமே தெரியும். சென்ற ஆண்டு பச்சையாயிருந்த அந்த மலை இவ்வாண்டு வெறுநிலமாகப் பதிவாகும்போது, அதைத் தாவரம் அழிந்த இடமென்று கணினி வகைப்படுத்துவதில் வியப்பில்லை. மறுபுறம், விறகுக்காக வளர்க்கப்பட்ட யூக்கலிப்டஸ் தோப்பும் சிவனொளிபாத மலைத் தொடரின் இயற்கைக் காடும் அச்சுட்டெண்ணில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றக்கூடும். நீர்வளத்துக்கும் உயிரினங்களுக்கும் இரண்டும் ஒன்றல்ல என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மேகமும் நிழலும் வேறு தொல்லை. புவியைப் படமெடுக்கும் லாண்ட்சாட், சென்டினல்-2 ஆகிய செய்மதிகள் நம் வானத்தைக் காலை 10 மணியை ஒட்டியே கடப்பதால், சூரியன் தாழ்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் செங்குத்தான மேற்குச் சரிவுகள் இருண்டு, நீர்நிலைபோலத் தோற்றமளிக்கும். மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 செய்மதியின் ராடார் தரவு இதற்குத் துணைபுரியலாம். ஆனால் செங்குத்து மலைகளில் அதற்கும் மறைவிடங்கள் உண்டு.

நீரைப் பொறுத்தவரை, மழைக்குப் பின் மரக்கறித் தோட்டங்களிலிருந்து வந்து சேரும் சேற்றையும் பாசியையும் நிறமாலை கொண்டு பிரித்தறியலாம் என்றாலும், நீர் மாதிரி எடுத்து ஒப்பிடாமல் எதையும் அறுதியிட்டுக் கூற இயலாது. 1873இல் அமைக்கப்பட்ட நுவரெலியா கிரகரி வாவி போன்ற ஒடுங்கிய நீர்நிலைகளில் கரையோரப் புல்லும் நீரும் படத்தின் மிகச் சிறிய அலகான ஒரே சதுரத்தில் கலந்துவிடுவதால் இல்லாத பாசியும் இருப்பதாகத் தோன்றலாம். சென்டினல்-2 படத்தின் மிக நுண்ணிய சதுரம் பக்கத்துக்கு 10 மீற்றர், அதாவது காணி அளவையில் ஏறத்தாழ 4 பேர்ச்சஸ் (ஒரு பேர்ச் சுமார் 25 சதுர மீற்றர்). தோட்ட வீட்டுக்கென நாம் நெடுங்காலமாகப் பேசிவரும் 7 பேர்ச்சஸ் காணியில் அத்தகைய இரண்டு சதுரங்கள்கூட முழுதாக அடங்கா.

இவற்றால் செய்மதி வழியான தொலையுணர்வு பயனற்றது என்று நான் கூறவில்லை. 1972 முதல் சேர்ந்துள்ள லாண்ட்சாட் படங்கள் 2008இலிருந்து எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. கைவிடப்பட்டு மானாப்புல் மூடிய தேயிலை நிலங்களின் வரலாற்றை ஆண்டுவாரியாகக் காட்ட அதைவிடச் சிறந்த ஆவணம் நம்மிடம் இல்லை. குறைபாடு, படத்தை நேரில் சென்று ஒப்பிடும் களச் சரிபார்ப்பிலேயே உள்ளது. எந்த மலை எந்த ஆண்டில் கவ்வாத்து வெட்டப்பட்டது, எங்கே மறுநடுகை நடந்தது என்ற விவரம் தோட்ட அலுவலகப் பதிவேடுகளில் இருக்கிறது. பதிவேட்டில் இல்லாதது அம்மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டுத் திருத்தாத வரைபடத்தை வைத்துக்கொண்டு காணிப் பயன்பாடு குறித்து முடிவெடுப்பது முறையாகாது.

ஆகவே, இத்தகைய ஆய்வுகளை மேற்கொள்ளும் திணைக்களங்களும் பல்கலைக்கழகங்களும் தோட்டப்புற இளைஞர்களைக் களப் பதிவாளர்களாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்றும், வரைபடங்களை இறுதி செய்யுமுன் அவற்றின் வரைவைத் தமிழ் விளக்கத்துடன் பிரதேச செயலகங்களில் மக்களின் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
புவியியல் ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.