ராமேஸ்வரத்தில் நாணயம் வாங்கப் போறவங்க கவனத்துக்கு

வணக்கம். லீவுக்கு ராமேஸ்வரம் வர்றவங்க, அக்னி தீர்த்தம் பக்கம் சங்கு, சிப்பி கடைகள்ல பழைய காசைப் பார்த்தா அவசரப்படாதீங்க. ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 'அரை அணா' கிழக்கிந்தியக் கம்பெனிக் காசே இல்ல, பிற்காலத்துல அடிச்ச வில்லை (டோக்கன்). பூஜைக்கு வச்சுக்கலாம், ஆயிரம் கொடுக்காதீங்க.

விக்டோரியா வெள்ளி ரூபாய்னா பாக்கெட் தராசு கொண்டு போங்க: எடை 11.66 கிராம். தேய்ஞ்சது கொஞ்சம் குறையும், 10 கிராம்னா கீழே வச்சிடுங்க. விளிம்பை நகத்தால தடவுங்க. அச்சுல ஊத்தின காசுக்கு நடுவுல ஒரு கோடு தட்டும்.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி மன்னர்களோட சேது காசுக்கு, படுத்த காளைக்குக் கீழே 'சேது' எழுத்து இருக்கும். செம்புங்கிறதால உப்புக்காத்துல பச்சை பூக்கும். புளி போட்டு மட்டும் தேய்க்காதீங்க, மதிப்பே போச்சு.

அகழாய்வு நடந்த அழகன்குளத்துல தோண்டி எடுத்ததுன்னு யாராவது நீட்டினா தொடவே வேண்டாம். 1878 புதையல் சட்டப்படி அதைக் கண்டெடுத்தவங்க கலெக்டர்கிட்ட தெரிவிக்கணும்.