பாதி வசனத்தில் நின்றுவிட்ட பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பெங்களூரு பதிப்போடு வந்த கிறிஸ்துமஸ் இணைப்பில் மேசியாவை, அதாவது வரப்போகிற இரட்சகரைப் பற்றிய தீர்க்கதரிசனங்கள் பட்டியலாக வெளியாகியிருந்தன. இடப்பக்கம் பழைய ஏற்பாட்டு வசனம், வலப்பக்கம் அது நிறைவேறிய புதிய ஏற்பாட்டு வசனம். சிவாஜிநகர், அல்சூர், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் டிசம்பர் வந்தால் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதும் இதே அமைப்பில்தான். அதில் இருந்த ஒரு வரி பற்றியே இந்தக் கடிதம்: ‘எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன் (ஓசியா 11:1) – மத்தேயு 2:15’. குழந்தை இயேசுவை எகிப்துக்குக் கொண்டுபோய்த் தங்கியிருந்ததைச் சொல்லும் இடத்தில் மத்தேயு இதை மேற்கோள் காட்டுகிறார்.

வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஓசியாவின் அந்த வசனம் முழுதாக இப்படி இருக்கிறது: “இஸ்ரவேல் இளைஞனாயிருந்தபோது நான் அவனை நேசித்தேன், எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்.” ‘நேசித்தேன்’ என்று முடியும் முதல் பாதி பட்டியலில் இல்லை. மத்தேயுவும் பின்பாதியைத்தான் எடுத்தாள்கிறார், உண்மை. ஆனால் அவருடைய வாசகர்களுக்கு வேதம் காதில் ஊறியிருந்தது. ‘அகர முதல’ என்று தொடங்கினால் மிச்சத்தை நாம் முடித்துவிடுவதில்லையா, அதுபோல ஒரு துண்டைக் கேட்டாலே முழுப் பகுதியும் அவர்கள் நினைவுக்கு வரும். நமக்கு அப்படி வராது. எனவே வெட்டிய இடத்தை நாமே போய்ப் பார்த்தாக வேண்டும்.

பார்த்தவுடன் முதல் சிக்கல் தெரியும். ‘வரவழைத்தேன்’ என்பது இறந்தகாலம். ஓசியா எதையும் முன்னறிவிக்கவில்லை. இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறிய யாத்திராகமத்தைத் திரும்பிப் பார்க்கிறார். ‘குமாரன்’ என்பது அங்கே இஸ்ரவேல் ஜனம். “இஸ்ரவேல் என்னுடைய குமாரன், என் சேஷ்டபுத்திரன்” என்று யாத்திராகமம் 4:22 முன்பே சொல்லிவிட்டது. இதை முன்னறிவிப்பு என்று படித்த பிள்ளை, கல்லூரிக்குப் போய் ஒரு நண்பன் ஓசியாவைத் திறந்து காட்டினால் திகைத்துப்போகும். எட்டுத் தீர்க்கதரிசனங்கள் ஒருவரிடம் தற்செயலாகப் பலிக்கும் வாய்ப்பு 10இன் 17ஆம் அடுக்கில் ஒன்று என்று பிரசங்கங்களில் ஒரு கணக்கு சொல்வார்கள். டெக்சாஸ் மாகாணம் முழுக்க இரண்டடி உயரத்துக்கு வெள்ளிக்காசு பரப்புகிற உவமையும் கூடவே வரும். எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு வரியும் முன்னறிவிப்பாக இருந்தால்தான் அந்தக் கணக்குக்கே இடமுண்டு. இந்த வரி அப்படிப்பட்டதல்ல.

அப்படியானால் மத்தேயு ஏமாற்றினாரா? இல்லை. தொடர்ந்து நான்காம் அதிகாரம்வரை படித்தால் அவர் செய்வது புரியும். எகிப்திலிருந்து வருதல், பிறகு தண்ணீர் (இஸ்ரவேலுக்குச் செங்கடல், இயேசுவுக்கு ஞானஸ்நானம்), பிறகு வனாந்தரம். இஸ்ரவேலுக்கு நாற்பது வருஷம், இயேசுவுக்கு நாற்பது நாள். சோதனைக்காரனுக்கு அவர் சொல்லும் மூன்று பதில்களும் இஸ்ரவேலின் வனாந்தரப் பாடத்தைச் சொல்லும் உபாகமத்திலிருந்தே (8:3, 6:16, 6:13) வருகின்றன. முதல் குமாரன் தவறிய வழியில் இந்தக் குமாரன் தவறாமல் நடக்கிறார். ‘நிறைவேறும்படி’ என்பதற்கு மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லின் அடிப்பொருள் நிரப்புதல். இடையில் 3:17இல் வானத்திலிருந்து வரும் சத்தம் ‘என்னுடைய நேசகுமாரன்’ என்கிறது. ஓசியாவில் விட்டுப்போன நேசம் இங்கே வந்துவிட்டது.

ஓசியா 11ஆம் அதிகாரம் மொத்தம் 12 வசனம்தான். சத்தமாக வாசித்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூன்றாம் வசனம் (எப்பிராயீம் என்பது வடக்கு இஸ்ரவேலுக்கு இன்னொரு பெயர்): “நான் எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினேன்.” பிள்ளைத்தமிழ் படித்த நமக்கு இந்தக் காட்சி எளிதில் பிடிபடும். அங்கே கடவுள் குழந்தையாகித் தளர்நடை போடுவார், புலவர் தாயாகிப் பாடுவார். இங்கே குழந்தை ஜனம், குனிந்து விரல் கொடுப்பவர் கடவுள். நான்காம் வசனத்தில் கழுத்திலிருந்து நுகத்தை எடுப்பதாகப் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. எபிரெயுவில் நுகத்துக்கும் கைக்குழந்தைக்கும் உள்ள சொற்கள் உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் ஒன்றாகவே தோன்றும். அதனால் குழந்தையைத் தூக்கிக் கன்னத்தோடு சேர்ப்பது என்று சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் எழுதுகின்றன. அடுத்து வருவது குனிந்து உணவு கொடுப்பது என்பதால், எங்களுக்கு இரண்டாவது வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது.

அந்தப் பிள்ளை வளர்ந்து பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்குத் தூபம் காட்டுகிறது. அடங்காத மகனை ஊர்வாசலுக்குக் கொண்டுபோய்க் கல்லெறியச் சொல்வது உபாகமம் 21. அந்தச் சட்டம் தெரிந்தவர்கள் தீர்ப்பை எதிர்பார்த்திருக்கும் இடத்தில் எட்டாம் வசனம் வருகிறது: “எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?” ஒன்பதாம் வசனம் காரணம் சொல்கிறது: “நான் மனுஷனல்ல, தேவனாயிருக்கிறேன்.” தேவன் என்பதால் தண்டிப்பார் என்று மேடைகளில் எத்தனையோ முறை கேட்கிறோம். தேவன் என்பதால் தண்டிக்க மனம் வரவில்லை என்கிறார் ஓசியா. கி.மு. 722இல் வடக்கு இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் விழுந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நேசம் இருந்தது, வீழ்ச்சியும் நடந்தது.

மூன்று வசனம் தள்ளி, ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றதைச் சொல்லும் இடத்தில், மத்தேயு 2:18இல் இன்னொரு மேற்கோள்: ராமாவில் இஸ்ரவேலின் முன்னோர்த் தாயான ராகேல் அழுகிறாள், எரேமியா 31:15. இதையும் வரைபடத்தில் வைத்துப் பொருத்த முடியாது. ராமா எருசலேமுக்கு வடக்கே, பெத்லகேம் தெற்கே. பாபிலோனுக்குக் கொண்டுபோன கைதிகளை விலங்கிட்டு வைத்திருந்த ஊர் ராமா என்று எரேமியா 40:1இல் தெரிகிறது. 2:15இல் ‘நிறைவேறும்படி’ என்ற மத்தேயு, இங்கே ‘அப்பொழுது நிறைவேறிற்று’ என்று வினையை மாற்றுவதையும் கவனிக்க வேண்டும். குழந்தைகளின் கொலையைத் தேவனின் நோக்கமாகக் காட்ட அவருக்கு மனமில்லை என்றே கொள்கிறோம். எரேமியா 31ஐயும் முன்னும் பின்னும் பார்த்தால், மூன்றாம் வசனம் “அநாதி சிநேகத்தால்” என்று பேசுகிறது, இருபதாம் வசனம் “எப்பிராயீம் எனக்கு அருமையான குமாரன் அல்லவோ?” என்று கேட்கிறது. ஓசியாவின் அதே எப்பிராயீம், அதே குமாரன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேற்கோள், இரண்டும் தகப்பனின் நேசத்தைப் பேசும் அதிகாரங்களிலிருந்து! தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பட்டியலில் எல்லாமே பிசகு என்று சொல்லவில்லை. மீகா 5:2 வரப்போகிற ஆளுகிறவரைத்தான் பேசுகிறது. ‘நசரேயன்’ (மத்தேயு 2:23) என்ற வரிக்கு எதிரே மட்டும் இடப்பக்கத்தில் எந்த வசனத்தையும் நேரடியாகப் போட இயலாது. அப்படியொரு வாக்கியம் பழைய ஏற்பாட்டில் கிடையாது. ஏசாயா 11:1இல் ‘கிளை’ என்பதற்குரிய எபிரெயுச் சொல் ‘நேட்சர்’. அந்த ஒலியைக் குறிப்பாகப் போடலாம்.

டிசம்பர் 28, ஏரோது கொன்ற குழந்தைகளை நினைக்கும் திருநாள். அன்று எரேமியாவை வாசிக்கிறவர்கள் 15ஆம் வசனத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். “நீ அழாதபடிக்கு உன் சத்தத்தை அடக்கி” என்று தேவன் ராகேலிடம் பேசுவது அடுத்த வசனத்தில்தான். ஆராதனை ஒழுங்கில் 15 மட்டும் அச்சாகியிருந்தாலும், 17 வரை வாசிக்கக் கூடுதலாக அரை நிமிடம் போதும்.

வேதபாட ஆசிரியர்கள் சிலர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு.